பரோட்டாக் கல்லின் முன் நின்ற கால்கள்

நம் தமிழ் வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, தாம் பேச வைத்திருந்த நேரத்தையும் எனக்கே தந்துவிட்டுப் புன்னகையோடு வீற்றிருக்கும் வழக்கறிஞர் தாணுலிங்கம் ஐயா அவர்களே! கத்தியைக் காட்டாமல் கால்களைக் காக்கும் கலை கற்று, பிறந்த மண்ணை மறக்காமல் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கும் ரத்தக்குழாய் மருத்துவர் ஆனந்தலட்சுமி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் நாளைய சமையலுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! காஞ்சிரங்குளத்திலிருந்து கடற்காற்றைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களே! ஒற்றசேகரமங்கலத்து மேட்டிலிருந்து பஸ் மாறி மாறி இறங்கியவர்களே! வேலை முடிந்து, வேர்வை காயாமல், வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்து சேர்ந்த என் உடன்பிறப்புகளே! உங்கள் எல்லோருக்கும் நேசத்தின் நெஞ்சார்ந்த வணக்கம்.

நேசம் என்றது என் பெயரை. நெஞ்சிலும் அதுதான் இருக்கிறது.

வாசகசாலைக் கூட்டத்தில் வழக்கமாக மொழியைப் பற்றிப் பேசுவார்கள். நாம் தமிழ்நாட்டு எல்லையில், கேரளத்துப் பக்கம் வாழ்கிறவர்கள். காலையில் மலையாளத்தில் பால் வாங்கி, மதியம் தமிழில் சண்டை போட்டு, மாலையில் இரண்டும் கலந்து சமாதானம் ஆகிறவர்கள். ஆனால் அன்பர்களே, இன்று நான் நாக்கைப் பற்றிப் பேச வரவில்லை. காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காலை என்றால் விடியற்காலை அல்ல. நம்மைத் தாங்கி நிற்கிறதே, அந்தக் காலை. யாருடைய கால்? எல்லாருடைய காலும்தான். ஆனால் ஒருவருடைய காலில் தொடங்குகிறேன்.

மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், நீல நிறச் சட்டை போட்டுக்கொண்டு, தரையில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்திருக்கிறாரே ஒருவர், தெரிகிறதா? திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அவர் பெயர் ஈசாக். பாறசாலையில் சிவராம் முதலாளியின் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். எனக்கு வாழ்க்கைப்பட்டவர். ஏன் சிரிக்கிறீர்கள்? நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்றால் சிரிக்கமாட்டீர்கள். அவர் எனக்கு வாழ்க்கைப்பட்டதும் உண்மைதானே?

இந்தப் பேச்சுக்கு அவரிடம் சம்மதம் வாங்கித்தான் வந்திருக்கிறேன். முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு, வேறு யார் காலையாவது பற்றிப் பேசக்கூடாதா என்றார். கடைசியில், நான் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னார்: "பேசு. ஆனா முட்டுக்கு மேல போவாதே."

முழங்காலுக்கு மேலே போகக்கூடாதாம். சிகிச்சை முழங்காலுக்கு மேலேயும் போயிற்று. அதை நான் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

பெரியோர்களே, பரோட்டா மாஸ்டர் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கை. வீசி விரித்து, சுருட்டி வைத்து, கல்லில் போட்டு, அடித்து அடுக்குகிற அந்தக் கை. அந்தக் கையின் வித்தையைப் பார்க்கவே அடுப்படியோரம் ஆட்கள் நிற்பார்கள். கையைப் பார்த்தோம். காலைப் பார்த்தோமா? அந்தக் கை ஆடுவதற்காக அசையாமல் நிற்கிற காலைப் பார்த்தோமா? அனல் அடிக்கிற கல்லின் முன்னால், வாலிப வயதில் தொடங்கி, தலை நரைத்த பிறகும் நின்றுகொண்டே இருக்கிற அந்தக் காலை யார் பார்த்தோம்?

நீங்கள் பார்த்திருக்கவும் முடியாது. ஏனென்றால் அவர் காட்டமாட்டார். நம் ஊரில் முண்டு உடுத்தும் ஆண்கள் நடக்கத் தொடங்கினாலே மடித்துக் கட்டுகிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மழையானாலும் சேறானாலும் முண்டைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டே நடப்பார். ஊரில் அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது. ஈசாக் மரியாதைக்காரன், யார் முன்னாலும் முண்டை மடித்துக் கட்டமாட்டான் என்றார்கள். பள்ளி மேனேஜர் முதல் பால்காரன் வரை எல்லாருக்கும் ஒரே மரியாதை. நானும் அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன். முண்டுக்குள் மறைந்திருந்தது மரியாதை அல்ல, மருந்து காணாத காலாக்கும் என்று நான் யாரிடம் சொல்ல?

கெண்டைக்காலில் நீலம் நீலமாகப் புடைத்து, வளைந்து வளைந்து இறங்கியிருந்தது நரம்பு. வெரிகோஸ் என்று நாம் எல்லாரும் சொல்கிறோமே, அதுதான். மாலையானால் பாதம் வீங்கும். இரவில் குரக்களி பிடித்துச் சதை சுருண்டு இறுகும். உறக்கத்தில் எழுந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வார். கேட்டால், "நிக்கிற வேலைக்கு இது இல்லாம வேற என்ன கிட்டும்?" என்பார். டாக்டரைப் பார்க்கலாம் என்று நான் சொன்னால், ஓணம் கழியட்டும் என்பார். ஓணம் கழிந்தால் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்பார். பண்டிகைகள் கழிந்துகொண்டிருந்தன, அன்பர்களே. கால் மட்டும் கறுத்துக்கொண்டிருந்தது.

கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, தடித்து, ஒரு நாள் சின்னப் புண் ஒன்று வந்தது. எண்ணெய் தெறித்தது என்றார். பரோட்டா மாஸ்டருக்கு எண்ணெய் தெறிப்பது நடக்கக்கூடிய காரியம் இல்லையா? நம்பினேன். ஆறாத புண்ணை எண்ணெய் மேல் பழி போட்டு மூடி வைத்திருந்தார் மனிதர்.

அவர் ஏன் அப்படி மறைத்தார் தெரியுமா? அதற்குக் காரணமானவர், இதோ, அவருக்கு அடுத்த நாற்காலியில்தான் இருக்கிறார். சோமன் அண்ணன். அதே ஹோட்டலில் டீ மாஸ்டர். என் வீட்டுக்காரருக்கு உயிர்த்தோழர். சோமன் அண்ணனுக்கும் இதே வெரிகோஸ் உண்டு. அவருக்கு இளவயதிலேயே ஆப்பரேஷன் செய்தார்கள். அந்தக் காலத்து முறை. தொடை இடுக்கில் கீறி, கீழே ஒரு இடத்தில் கீறி, கெட்ட நரம்பை உள்ளேயிருந்து உருவி எடுத்துவிடுவார்கள். அது தவறான சிகிச்சை அல்ல. அன்று இருந்த நல்ல சிகிச்சை அதுதான். ஆனால் சோமன் அண்ணனுக்குத் தையல் பழுத்து, கட்டிலோடு நெடுநாள் கிடக்க வேண்டிவந்தது. வேலையும் போயிற்று. பிறகு சிவராம் முதலாளிதான் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கதையை சோமன் அண்ணன் ஒரு முறையா சொன்னார்? ஒவ்வொரு டீக்கும் ஒரு முறை சொன்னார். நீட்டி, நுரை பொங்க, ஆற்றி ஆற்றிச் சொன்னார். பக்கத்தில் நின்று பரோட்டா வீசிக்கொண்டிருந்தவருடைய நெஞ்சில் அந்தக் கதை அடுக்கடுக்காக ஏறிவிட்டது.

சோமன் அண்ணா, கோபிக்க வேண்டாம். உங்களைப் பற்றி நல்லதும் சொல்லப் போகிறேன்.

ஒரு மாலை. மழைக்கால மாலை. ஹோட்டலில் நல்ல கூட்டம். என் வீட்டுக்காரர் கல்லின் முன் நின்றுகொண்டிருக்கிறார். காலில் அரிக்கிறது, குனியாமல், ஒரு காலின் விரலால் மறு காலைச் சொறிகிறார். புடைத்த நரம்பின் மேல் மெலிந்துபோயிருந்த தோல் கிழிந்து, நரம்பு உடைந்தது. வலி இல்லை. அதுதான் இதில் உள்ள வஞ்சகம். வலித்திருந்தால் நின்றிருப்பாரா? வலிக்கவில்லை, அதனால் பரோட்டா அடித்துக்கொண்டே இருக்கிறார். முண்டு நனைகிறது, மழைத்தண்ணீர் என்று நினைக்கிறார். பார்சலுக்காகக் காத்திருந்த ஒரு பெண் தரையைப் பார்த்தாள். தரையெல்லாம் ரத்தம்.

கடை முழுக்கக் கலங்கிற்று. சோமன் அண்ணன் ஓடிவந்து தோழரைத் தாங்கி ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். பாசத்தில் செய்தார். ஆனால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ரத்தம் நிற்குமா? இன்னும் கொட்டியது. யாரோ காப்பித்தூள் எடுக்கப் போனார்கள். யாரோ கயிறு தேடினார்கள். கடவுள் முன்னமே எங்கள் தெரு நர்ஸ் எப்சியைக் கடைக்குள் அனுப்பியிருந்தார். பார்சலுக்கு நின்றிருந்தாளே, அந்தப் பெண்தான் எப்சி. அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாளாம்: "கயிறு ஒண்ணும் கெட்டாண்டாம். ஆளக் கீழ கிடத்துங்க. கால மேல தூக்குங்க."

தரையில் படுக்கவைத்தார்கள். காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தார்கள். எப்சி சுத்தமான துணியை மடித்துப் புண்ணின் மேல் வைத்து, இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. அழுத்திய கை அழுத்தியபடியே இருந்தது. ரத்தம் நின்றது.

தாய்மார்களே, நான் பேசுவதில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக்கூடாது. வெரிகோஸ் உள்ள காலில் ரத்தம் கொட்டினால், ஆளைப் படுக்கவைக்க வேண்டும்; காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும்; அழுத்திப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான். அதை அறியாமல் உயிர் போனவர்கள் உண்டு என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

சிவராம் முதலாளி எனக்கு ஃபோன் செய்தார். நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. கடைக்குள் நுழைந்தால், என் வீட்டுக்காரர் தரையில் படுத்திருக்கிறார். முகம் மைதா மாவு போல வெளுத்திருக்கிறது. கால் பெஞ்சின் மேல். ஊர் முழுக்கச் சுற்றி நிற்கிறது. இத்தனை காலம் யாருக்கும் காட்டாத காலை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? வலிக்கிறது என்றாரா? பயமாயிருக்கிறது என்றாரா?

"நேசம், அந்த முண்ட ஒண்ணு இழுத்து விடு" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முண்டை இழுத்துவிடவில்லை. அந்தக் காலைத் தொட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, கட்டுப் போட்டு, இனி ரத்தக்குழாய் டாக்டரைப் பார்க்காமல் இருக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திருந்தினாரா? இல்லை. வீட்டுக்கு வந்ததும், ஒரு வைத்தியரிடம் போய் எண்ணெய் தேய்த்துத் தடவினால் போதும் என்று தொடங்கினார். புண்ணாகி நிற்கிற காலை முறுக்கித் தடவினால் என்ன ஆகும்? நான் விடவில்லை. அன்றுதான் நாங்கள் இருவரும் வாழ்நாளில் முதல் தடவையாக முகம் பார்த்துச் சண்டை போட்டோம். அதில் முக்கியமான இரண்டு வாக்கியங்களை மட்டும் உங்களிடம் சொல்கிறேன்.

அவர் சொன்னார்: "சோமனப் போல நான் படுத்துப்போனா, நீ என்ன செய்வே?"

நான் சொன்னேன்: "இப்பிடி நின்னு நின்னே நீங்க போய்ச்சேந்தா, நான் என்ன செய்வேன்?"

மழை பெய்துகொண்டிருந்தது. அவருக்குப் பயம் வலியைப் பற்றி அல்ல, அன்பர்களே. கத்தியைப் பற்றியும் அல்ல. தான் படுத்தால் என் தலையில் பாரம் விழுமே என்ற பயம். இத்தனை காலம் காலை மறைத்தது என்னிடமிருந்து அல்ல, எனக்காக. அது அன்றுதான் எனக்குப் புரிந்தது. நம் வீட்டு ஆண்கள் பலரும் அன்பை இப்படித்தான் தவறான இடத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். இல்லையா? அங்கே ஒரு அக்கா தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் தேடிப் பாருங்கள் அக்கா.

இனிமேல்தான் சோமன் அண்ணனின் பெருமை. மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு ஆட்டோவோடு வந்து நின்றார். "எனக்க கதையக் கேட்டுத்தான் அவன் பேடிச்சான். அப்போ நானும் கூட வாறேன். டாக்டர்ட்ட நானே கேக்கணும்" என்றார். பயத்தை உண்டாக்கியவரே பயத்தைத் தீர்க்கவும் வந்தார். இப்படி ஒரு தோழன் நமக்கு வாய்ப்பானா?

மூவருமாகத் திருவனந்தபுரத்துக்கு, இந்த மேடையில் இருக்கிறாரே, இவரிடம் போனோம். டாக்டர் முதலில் மருந்து எழுதவில்லை. என் வீட்டுக்காரரை நிற்கவைத்து, காலில் பசை தடவி, டாப்ளர் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதில் தெரியும். திரையில் சிவப்பும் நீலமுமாக மின்னியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்து, நம் ஊர்ப் பேச்சில் சொன்னார்:

"ஈசாக்கண்ணா, இந்த ஞரம்புக்குள்ள சின்னச் சின்ன வாதில் உண்டு, கதவு மாதிரி. ரத்தம் மேல போவும்ப தெறக்கும், கீழ வராம அடையும். உங்களுக்கு அந்த வாதில் சரியா அடையல்ல. மேல போன ரத்தம் திரும்பக் கீழ எறங்கிக் கெட்டிக் கிடக்கு. வீக்கமும் கறுப்பும் இந்தப் புண்ணும் அதுனாலயாக்கும். புண்ணுக்கு மட்டும் மருந்து வச்சா ஆறாது. அந்த வழிய அடைக்கணும்."

உடனே சோமன் அண்ணன் கேட்டார்: "என்னக் கீறி உருவுனது மாதிரி உருவுவீங்களா டாக்டரே?"

"இல்லண்ணா. அது அன்னைக்கு உள்ள வழி. இப்ப ஊசி நொழையிற வாசல் போதும்."

அந்த வாசலைப் பற்றி டாக்டர் சொன்னதை என் சொல்லில் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் டாக்டர் மணியடிக்கட்டும். மரத்துப்போக ஊசி போட்டு, முழங்கால் பக்கத்தில் சின்னத் துளை வழியாக, மயிரிழை போன்ற லேசர் கம்பியை அந்தக் கெட்ட நரம்புக்குள் செலுத்துகிறார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மேலே கொண்டுபோகிறார்கள். பிறகு சூடு கொடுத்தபடி மெல்லப் பின்னால் இழுக்கிறார்கள். அந்தச் சூட்டில் நரம்பு உள்ளுக்குள்ளேயே சுருங்கி ஒட்டி மூடிக்கொள்கிறது. லேசருக்குப் பதிலாக ரேடியோ அலையின் சூட்டாலும் மூடலாம். சூடே இல்லாமல் ஒரு வகைப் பசையாலும் ஒட்டலாம். சின்னக் கிளைகளுக்கு நுரை மருந்தை ஊசியால் செலுத்தினால் அவை வாடிவிடும். யாருக்கு எது என்று முடிவு செய்வது ஸ்கேனும் டாக்டரும். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. சிலருக்கு எதுவுமே வேண்டாம். இறுக்கமான காலுறையும் நடையும் போதும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் முடியும் வரை பொறுக்கச் சொல்வார்கள். ஆழத்து நரம்பில் ரத்தம் கட்டியவர்களுக்கு வேறு யோசனை வேண்டும்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். வழியை அடைத்துவிட்டால் ரத்தம் எங்கே போகும்? டாக்டர் சிரித்துக்கொண்டு, பாறசாலையில் ஒரு ரோட்டைப் பணிக்காக அடைத்தால் பஸ் ஓடாமலா இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். உள்ளே ஆழத்தில் பெரிய வழிகள் இருக்கின்றன. அவை நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் இதை அடைப்பார்களாம்.

கடைசியில் என் வீட்டுக்காரர் கேட்டார்: "எத்தர நாளு கிடக்கணும்?"

"கிடக்கவே கூடாது" என்றார் டாக்டர். "அன்னைக்கே நடக்கணும்."

மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். படுக்கையைக் கண்டு பயந்தவரிடம் படுக்கவே கூடாது என்று சொன்னால், அதைவிட வேறு மருந்து உண்டா? ஆனாலும் அரைமனம். அப்போது டாக்டர் எழுந்து, தம் சேலையின் கரையைக் கணுக்காலுக்கு மேலே சற்றுத் தூக்கிக் காட்டினார். இறுக்கமான காலுறை போட்டிருந்தார். "நானும் நின்னு வேல செய்யிற ஆளாக்கும், அண்ணா" என்றார்.

மருத்துவர் அவர்களே, உங்கள் பட்டங்களையெல்லாம் அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் உங்களை நினைக்கிறபோது, அந்தச் சேலைக் கரையைத்தான் நினைக்கிறோம்.

சிகிச்சை நாள் வந்தது. உள்ளே அவர் விழித்தபடியே படுத்திருந்தார். மரத்துப்போகப் போட்ட ஊசிகள் வரிசையாகக் குத்தியது மட்டும் வலித்ததாம். மறைக்காமல் சொல்கிறேன், அது வலிக்கும். வெளியே நானும் சோமன் அண்ணனும் பெஞ்சில் இருந்தோம். நான் பைபிளிலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோமன் அண்ணன் பகவதியை வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருடைய வேண்டுதலும் ஒரே காலுக்கு. கதவு திறந்தது. சக்கர நாற்காலி வரும் என்று நான் எழுந்து ஒதுங்கினேன். அவர் நடந்து வந்தார்.

நடந்து வந்தார், அன்பர்களே. தம் இரு கால்களால், யார் தோளையும் பிடிக்காமல், கொஞ்சம் கூச்சத்தோடு, என்னைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். அன்று மாலையே வீட்டுக்கு வந்தோம்.

எல்லாம் மந்திரம் போல முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். மேடையில் நின்று பொய் சொன்னால் கேட்பவர் கால்தான் கெடும். சில நாளில் தொடையில் கயிறு கட்டி இழுப்பது போலப் பிடித்தது; அங்கங்கே கன்றிப்போய்க் கருநீலமானது. பயந்துபோய் டாக்டரை அழைத்தோம். மூடிய நரம்பு சுருங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்றார். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது என்று எச்சரித்தார். பிறகொரு நாள் போய் மிச்சக் கிளைகளுக்கு நுரை மருந்து போட்டோம். புண் உடனே மூடவில்லை. காலைதோறும் நான் கழுவி, மருந்து வைத்து, விரலடியிலிருந்து மேல்நோக்கிக் கட்டுச் சுற்றுவேன். அவர் குனிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கால் இதற்கு முன் இப்படித் தினமும் யாருடைய கையிலும் இருந்ததில்லை. ஓரம் ஓரமாகச் சிவந்து, சிவந்த இடம் வெளுத்து, புண் சுருங்கிச் சுருங்கி, ஒரு நாள் காலையில் கட்டைப் பிரித்தால் அங்கே புதுத்தோல்.

அதற்கிடையில் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காதது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாரல்லவா? தனியாக நடக்க இவருக்கு வெட்கம். நானும் கூடப் போனேன். யோசித்துப் பார்த்தால், கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இருவரும் காரியம் ஒன்றும் இல்லாமல் சேர்ந்து நடந்ததே இல்லை. அவர் வேலைக்குப் போகும்போது நான் அடுக்களையில். நான் கண்ணயரும்போது அவர் கடையில். இப்போது கால்வாய்க் கரையில் நடந்தோம். பிறகு இஞ்சிவிளை வரை நடந்தோம். அப்புறம் ஒரு நாள் பேச்சு ருசியில் எல்லை தாண்டிக் களியக்காவிளைச் சந்தைக்கே போய்விட்டோம். டாக்டரே, நீங்கள் சொன்ன நடை எங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோயிற்று. அங்கே பழம் வாங்கித் தின்றோம். அவர் சின்ன வயதில் கூத்துப் பார்க்கப் போன கதை சொன்னார். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் நான் கேட்டிராத கதை.

மூன்றாம் வரிசையில் இப்போது சோமன் அண்ணனும் குனிந்துவிட்டார். காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் நடந்து வந்ததைக் கண்டவர், அன்று ஆஸ்பத்திரி வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு அன்னைக்கு இது இல்லாமப் போச்சே." பிறகு மெல்ல, அடுத்த காலிலும் நரம்பு புடைத்திருப்பதைக் காட்டினார். சிகிச்சை முடிந்த காலோடு என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து அவர் வாசலில் போய் நின்றார். தோழனுக்குத் தோழன் துணைபோனான். இப்போது ஹோட்டலில் டீ ஆற்றும்போது கதை மாறிவிட்டது. நம்பாதவர்கள் நாளை காலை போய் ஒரு டீ குடித்துப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கதை ஒரு ஈசாக்கோடும் ஒரு சோமனோடும் முடிந்துவிட்டதா? என் வீட்டுக்கு ஒரு நாள் துணிக்கடையில் நிற்கும் அம்பிளி வந்தாள். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுத் தன் காலைக் காட்டினாள். வயது அதிகம் இல்லை. அவள் காலில் நான் என் வீட்டுக்காரரின் காலைக் கண்டேன். "சேச்சி, கடையில ஆளு இல்லாத நேரத்திலயும் இரிக்கச் சம்மதிக்கமாட்டாவ" என்றாள். அவள் போன பிறகு நான் எண்ணிப் பார்த்தேன்: நம் ஊரில் யார்தான் நிற்கவில்லை?

துணிக்கடையில் நிற்கிறார்கள். தையல் கட்டிங் மேசையில் நிற்கிறார்கள். வகுப்பறையில் நிற்கிறார்கள். வார்டில் நிற்கிறார்கள். நாற்சந்தியில் விசில் ஊதி நிற்கிறார்கள். கல்யாண மண்டபத்து அடுப்படியில் நிற்கிறார்கள். முடிவெட்டும் நாற்காலிக்குப் பின்னால், அடுத்தவரை உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் நிற்கிறார்கள். நிற்பவர்களால் நடக்கிறது இந்த நாடு. நிற்பவர்களால் நிறைகிறது நம் வயிறு. அவர்கள் காலைக் குனிந்து பார்க்க நமக்கு நேரமில்லையா? நாகரிகம் உயர்ந்துவிட்டது என்கிறோம். கட்டிடம் உயர்ந்தது, கடை உயர்ந்தது, விளம்பரப் பலகை உயர்ந்தது. ஒரு ஸ்டூல் போட மட்டும் மனம் உயரவில்லையா?

இங்கே நான் சிவராம் முதலாளிக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் யாரும் கேட்காமலே மாவு பிசையும் மேடையைத் தாழ்த்தி, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார். கல்லில் கூட்டம் இல்லாத நேரத்தில் மாஸ்டர் உட்காரலாம், பாதத்தை அசைக்கலாம், வெளியே இறங்கி நாலடி நடந்துவிட்டு வரலாம். அதனால் பரோட்டாவின் ருசி குறைந்ததா? சாப்பிட்டவர்கள் சொல்லட்டும். குறையவில்லை என்கிறார் அந்தத் தம்பி. நன்றி தம்பி, உன் சாட்சி முதலாளியின் காதில் விழுந்துவிட்டது.

மற்றக் கடைக்காரர்களே, உங்களையும் அன்போடு கேட்கிறேன். உங்கள் கடையில் நிற்கிற பெண், உங்கள் கடைக்காகத்தான் நிற்கிறாள். உட்கார அவளுக்கு ஓரிடம் கொடுங்கள். அது தானம் அல்ல, அவளுக்கு உரியது.

நிற்கிற சகோதரிகளே, சகோதரர்களே, உங்களிடம் ஒன்று. மாலையில் கால் கனத்தால், கணுக்கால் கறுத்தால், நரம்பு புடைத்தால், புண் ஆறாமல் நின்றால், அதை விதி என்று சொல்லி மூடாதீர்கள். எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். நாளைக் காலை டாக்டர் ஆனந்தலட்சுமி இதே கூடத்தில் இருந்து கால்களைப் பார்க்கிறார். பெண்களுக்குத் திரை கட்டித் தனி இடம் வைத்திருக்கிறோம். அம்பிளி முதல் ஆளாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பயந்தவர்கள் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். துணை இல்லாதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் வாறேன். பாருங்கள், மேடைத் தமிழ் தவறி வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. வந்தால் வரட்டும். எந்தத் தமிழில் சொன்னாலும் வருவேன் என்பது வருவேன் என்பதுதான்.

முடிக்கிறேன். முடிக்கும் முன் மேடையிலிருந்து ஒரு காட்சியைக் காண்கிறேன். கூடத்தின் பின்னால், சுவரோரம், வாசற்படியில் எவ்வளவு பேர் நிற்கிறீர்கள். நான் பேசத் தொடங்கியதிலிருந்து நிற்கிறீர்கள். எல்லாரும் வேலை முடித்து வந்தவர்கள். முன்னால் வந்து உட்காரக் கூச்சம். இங்கே முன்வரிசைக்கு முன்னால், மேடையையொட்டி, விருந்தினருக்கென்று துணி விரித்த நாற்காலிகள் ஒரு வரிசை முழுக்கக் காலியாகக் கிடக்கின்றன. தலைவர் ஐயா, நான் அவற்றைக் கொடுத்துவிடலாமா? ஐயா சிரிக்கிறார். சம்மதம்.

வாருங்கள் மக்கா. முன்னால் வாருங்கள். நீங்கள்தான் விருந்தினர். அந்த மூலையில் நிற்கும் அக்கா, பிள்ளையையும் கொண்டு வாருங்கள். நீங்கள் எல்லாரும் உட்காரும் வரை நான் காத்திருக்கிறேன்.

உட்கார்ந்தாயிற்றா? நல்லது. வாய்ப்பளித்த வாசகசாலைக்கும், வழிகாட்டிய மருத்துவருக்கும், பொறுத்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும், கேட்டிருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. எல்லாரும் நன்றாயிருங்கள். வணக்கம்.